வல்லமா, திருவையாறா? தஞ்சையில் வீடு கட்ட எந்தப் பக்கம் சரி?

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு முப்பது வயது நெருங்கும்போது வீட்டிலிருந்து ஒரு போன் கட்டாயம் வரும். "நம்ம ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுடுப்பா, அப்புறம் விலை ஏறிடும்." அடுத்த நாளே வாட்ஸ்அப்பில் இரண்டு நோட்டீஸ் வந்து விழும். ஒன்று திருச்சி சாலையில், வல்லம் பக்கம். இன்னொன்று பள்ளியக்ரகாரம் தாண்டி, திருவையாறு சாலையில். இரண்டுமே நகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

எதை வாங்குவது? பெரும்பாலும் சதுர அடி விலை, பஸ் வசதி, பக்கத்தில் பள்ளிக்கூடம் என்ற மூன்றை வைத்தே முடிவு எடுக்கப்படுகிறது. ஆனால் தஞ்சாவூரைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மனை மேட்டில் இருக்கிறதா, வயலில் இருக்கிறதா?

ஒரே ஊர், இரண்டு நிலம்

தஞ்சாவூர் ஒரு எல்லைக்கோட்டில் அமர்ந்திருக்கும் ஊர். நகரின் தெற்கும் தென்மேற்கும் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த மேட்டு நிலம். வடக்கும் கிழக்கும் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். பெரிய கோயிலையொட்டி ஓடும் கல்லணைக் கால்வாயை உள்ளூர்க்காரர்கள் 'புது ஆறு' என்பார்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு, 1934-ல் பயன்பாட்டுக்கு வந்த கால்வாய் அது. ஏறக்குறைய அதன் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பழைய டெல்டா.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே இது தெரிந்துவிடும். திருவையாறு பஸ் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறது. திருச்சி பஸ் வல்லம் போகிற வழியில் அப்படி ஒரு ஆற்றைக்கூடப் பார்க்க முடியாது. சாலை மெல்ல ஏறுவதுதான் தெரியும்.

மேட்டில் குடியிருப்பது நல்லது என்பதும் புது யோசனை இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் தஞ்சாவூர் கலெக்டர் குடியிருந்தது வல்லத்தில்தான். தண்ணீர் தேங்காத, காற்றோட்டமான, காய்ச்சல் குறைவான இடம் என்பதுதான் அதற்குக் காரணம்.

வல்லம் பக்கம்: பிளஸ் என்ன, மைனஸ் என்ன?

கடந்த பல பத்தாண்டுகளில் தஞ்சாவூரின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் மேட்டுப்பக்கம்தான் போயிருக்கின்றன. மருத்துவக் கல்லூரி, புதிய பஸ் ஸ்டாண்ட், 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம், அதன் அருகே கலெக்டர் அலுவலகம், வல்லத்தில் பெரியார் மணியம்மை, திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா என்று எல்லாமே திருச்சி திசைதான். வயதான அப்பா, அம்மா இருக்கும் குடும்பத்துக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆறுகளைத் தாண்டாமல் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

வேலை என்று பார்த்தாலும் கணக்கு இந்தப் பக்கமே சாய்கிறது. திருச்சிக்கு நான்குவழிச் சாலை இருக்கிறது. 2024-ல் திறந்த திருச்சி விமான நிலையப் புதிய முனையம் காரில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். கல்லூரிகள் இருப்பதால் மாடி வாடகைக்குப் போவதும் எளிது.

கட்டுமானச் செலவிலும் மேட்டுக்கு ஒரு சலுகை உண்டு. செம்புறாங்கல் தளம் கெட்டியானது. சாதாரண அஸ்திவாரமே பெரும்பாலும் போதும். மனையை உயர்த்த லாரி லாரியாக மண் அடிக்கவும் வேண்டாம்.

மைனஸ் ஒன்றுதான். ஆனால் அது பெரிய மைனஸ்: தண்ணீர். மேட்டில் போர் ஆழமாக இறக்க வேண்டும். பக்கத்து மனையில் தண்ணீர் வந்தது என்பதற்காக இங்கேயும் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. தஞ்சாவூர் மாநகராட்சிக்கான குடிநீரே திருமானூர் பக்கம் கொள்ளிடத்திலிருந்துதான் வருகிறது. ஆக, மேட்டில் வீடு கட்டினாலும் குடிப்பது டெல்டா தண்ணீர்தான். குழாய் வராத லேஅவுட்டில் வீடு கட்டியவருக்கு டேங்கர் லாரி நம்பர் மனப்பாடம் ஆகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மேடு என்றால் எல்லாமே தரிசு என்று அர்த்தம் இல்லை. உய்யக்கொண்டான் நீட்டிப்பு வாய்க்கால், புதிய கட்டளை மேட்டு வாய்க்கால் ஆகியவற்றில் வரும் காவிரித் தண்ணீரை நம்பிய ஏரிகளும் வயல்களும் பூதலூர், செங்கிப்பட்டி வட்டாரத்தில் இருக்கின்றன. ஏரிக்கு நீர் வரும் ஓடையை மறித்துப் போட்ட மனை, மேட்டில் இருந்தாலும் மழைக்காலத்தில் மூழ்கும்.

திருவையாறு பக்கம்: மனசு இழுக்கும் பக்கம்

இந்தப் பக்கத்தின் ஈர்ப்பைப் புரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது. கரந்தையைத் தாண்டி வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்றே மாறும். சாலையின் இரு பக்கமும் பச்சை. கண்டியூர், திருவையாறு என்று அடுத்தடுத்துப் பெரிய கோயில்கள். தை மாதம் தியாகராஜ ஆராதனை. ஐயாறப்பர் கோயில் பக்கம் போனால் சுடச்சுட அசோகா. வெளியூரில் அபார்ட்மென்டில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு 'ஊர்' என்றால் இதுதான்.

தண்ணீரும் இங்கே சுலபம். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மட்டம் மேலே நிற்கும். சின்ன ஆழத்திலேயே கைபம்பு போட்டுக் குடித்த ஊர்கள் இவை.

போக்குவரத்தில் கொஞ்சம் பின்தங்கல் உண்டு. திருவையாற்றுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூர் ஜங்ஷனுக்குத்தான் வர வேண்டும். அதே நேரம் கும்பகோணம் வழியாகச் சென்னை போகிறவர்களுக்கு பள்ளியக்ரகாரம் பக்கம் வசதியானது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதியும் 2025 ஜூலையில் திறக்கப்பட்டுவிட்டது. இந்தச் சாலையைக் காட்டித்தான் பல மனைகள் விற்கப்படுகின்றன.

பிரச்சினை எங்கே என்றால், இந்தப் பக்கம் புதிதாகப் போடப்படும் லேஅவுட்டில் கணிசமானவை ஊருக்குள் இல்லை. வயலுக்குள் இருக்கின்றன.

வயல் மனையானால் என்ன ஆகும்?

டெல்டா வயல் தனித்தனித் துண்டு கிடையாது. ஒரு பெரிய தட்டின் சாய்வு அது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அங்கிருந்து மடை வழியாக முதல் வயல், முதல் வயல் வழியாக அடுத்த வயல் என்று தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் வடிகாலில் போய் விழும். பாசனமும் வடிகாலும் சேர்ந்ததுதான் டெல்டா. ஒன்று அடைத்தாலும் மற்றது வேலை செய்யாது.

நடுவில் ஐந்து ஏக்கரை வாங்கி, மூன்றடி கிராவல் அடித்து, கல் ஊன்றினால் என்ன ஆகும்? மேலே இருக்கும் வயலில் தண்ணீர் வடியாது. கீழே இருக்கும் வயலுக்குத் தண்ணீர் போகாது. குறுவைக்குத் தண்ணீர் வராததால் காயும் வயலும், ஐப்பசி மழையில் சம்பா நாற்று அழுகும் வயலும் ஒரே லேஅவுட்டின் இரண்டு பக்கங்களில் இருக்க முடியும். அடுத்த இரண்டு, மூன்று வருஷத்தில் அந்த விவசாயிகளும் "இனிமே என்னத்தப் பயிர் பண்றது" என்று விற்கும் மனநிலைக்கு வந்துவிடுவார்கள். புரோக்கர் வந்து பேச வேண்டிய அவசியமே இல்லாமல் அடுத்த லேஅவுட் தயார்.

மனை வாங்கியவருக்கும் இதில் லாபம் இல்லை. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பங்குனியில் வயல் வெடிப்பில் கால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுவதைப் பார்த்தவர்களுக்கு, அதே மண் சுவருக்கு அடியில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அஸ்திவாரத்தை ஆழமாகக் கொண்டுபோக வேண்டும், பெல்ட் போட வேண்டும், மனையை உயர்த்த வேண்டும். நோட்டீஸில் சதுர அடிக்கு மிச்சமான காசு, கொத்தனார் கணக்கில் போய்விடும்.

அதற்குப் பிறகும் தண்ணீர் தன் வழியை மறக்காது. 2008 நவம்பரில் 'நிஷா' புயல் மழை டெல்டா மாவட்டங்களை மூழ்கடித்தபோது பார்த்தது அதைத்தான். வீட்டை உயர்த்தலாம். வீட்டுக்குப் போகும் தெருவை யார் உயர்த்துவது?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. டெல்டாவில் கிராவல் கிடையாது. வயலைத் தூர்க்க வரும் கிராவல், மேட்டுப்பக்கம் தோண்டி லாரியில் வருவது. மேட்டைப் பள்ளமாக்கி, பள்ளத்தை மேடாக்கி, இரண்டையும் கெடுப்பதற்கு நாம் காசு கொடுக்கிறோம்.

சட்டம் தடுக்கவில்லையா?

"டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆச்சே, அப்புறம் எப்படி பிளாட் போட முடியுது?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் பொருந்தும். ஆனால் அது தடை செய்வது ஒரு பட்டியலைத்தான். துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கு ஆலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு, மீத்தேன், ஷேல் உள்ளிட்ட எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்றவை அதில் இருக்கின்றன. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை.

அதாவது ஹைட்ரோகார்பன் கிணறு வர முடியாத வயலில், லேஅவுட் வர முடியும். கிணறு வேண்டாம் என்று நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடியதைத் தமிழ்நாடே பார்த்தது. மனைக்கல்லை எதிர்த்து அப்படி ஒரு போராட்டம் வராது. ஏனென்றால் அதை வாங்குவது நாம்தான்.

மனைக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி அனுமதி தேவை. நஞ்சை என்றால் வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. ஆனால் இந்த விதிகள் எல்லாம் ஒவ்வொரு மனுவையும் தனியாகப் பார்க்கின்றன. ஒரு வாய்க்காலின் பாசனப் பரப்பில் ஏற்கெனவே எத்தனை துண்டு போய்விட்டது என்று சேர்த்துப் பார்க்கும் கணக்கு அவற்றில் இல்லை.

கேரளா இந்த அனுபவத்தை முன்பே பட்டிருக்கிறது. 1970-களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு சுமார் இரண்டு லட்சத்துக்கு இறங்கிய பிறகு, 2008-ல் நெல்வயல் – ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தெந்த சர்வே எண் நெல்வயல் என்று ஒரு தரவுத் தொகுப்பே தயாரிக்கச் சொன்ன சட்டம் அது. அதே நேரம், வேறு இடம் இல்லாத நிலச் சொந்தக்காரர் தானே குடியிருக்க வீடு கட்ட ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை வழி விட்டது. அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் விழுந்தன, திருத்தங்கள் வந்தன. ஆனாலும் வயல் என்றால் வயல்தான் என்று சொல்லும் ஒரு காகிதம் அங்கே இருக்கிறது.

விற்பவரைக் குறை சொல்லலாமா?

கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். டெல்டா கணக்கில் ஒரு மா என்பது 100 குழி, அதாவது 33 சென்ட், கிட்டத்தட்ட 14,400 சதுர அடி. ஒரு மாவில் எட்டு குவிண்டால் நெல் விளைவதாக வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் கொள்முதல் விலை, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். மொத்த வரவு ஒரு போகத்துக்கு 20,360 ரூபாய். உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், அறுவடை மிஷின் வாடகை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கவும் வேண்டும்.

அதே ஒரு மா லேஅவுட் ஆனால்? சாலைக்கும் பொது இடத்துக்கும் போக அறுபது சதவீதம் மனையாகிறது என்று வைப்போம். சதுர அடி வெறும் 500 ரூபாய்க்குப் போனாலும் 43 லட்சத்தைத் தாண்டும். விவசாயிக்குக் கிடைப்பது மா கணக்கு விலை. புரமோட்டர் விற்பது சதுர அடி கணக்கு. நடுவில் இருக்கும் வித்தியாசம் யாருக்குப் போகிறது என்பது வேறு கதை. ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு காலேஜ் ஃபீஸ் என்று நிற்கும் ஒரு விவசாயியிடம் "டெல்டாவைக் காப்பாத்துங்க, விக்காதீங்க" என்று அறிவுரை சொல்ல வெளியூரில் சம்பளம் வாங்குபவர்களுக்கு உரிமை கிடையாது.

ஆகவே பொறுப்பு வாங்குபவரிடமும் அனுமதி கொடுப்பவரிடமும்தான் முதலில் இருக்கிறது.

டெல்டாக்காரர்கள் எங்கே குடியிருந்தார்கள்?

உண்மையில் வல்லமா, திருவையாறா என்பதே சரியான கேள்வி இல்லை. டெல்டாவிலும் காலங்காலமாக லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வயலில் வீடு கட்டவில்லை. நத்தத்தில் கட்டினார்கள்.

நத்தம் என்பது வருவாய்த் துறை ஆவணத்தில் வெறும் ஒரு வகைப்பாடு. நேரில் போய்ப் பார்த்தால் அது ஒரு மேடு. ஆற்றங்கரையையோ, குளம் வெட்டிய மண்ணால் உயர்ந்த திட்டையோ பிடித்து, தெருவும் கோயிலும் குளமுமாக நெருக்கி உட்கார்ந்த இடம். சுற்றி வயல். வயலைத் தொடாமல் குடியிருக்கத் தெரிந்த ஊர்கள் அவை. கரந்தையும் திருவையாறும் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. அங்கே பழைய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில், பங்காளிகளுக்குள் பாகப் பிரச்சினை, ஓடு சரிந்த கூரை.

இப்போது நடப்பது என்னவென்றால், நத்தத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது, வயலில் புது வீடு எழும்புகிறது. குடியிருப்புக்கு இடம் இல்லாத பஞ்சம் இல்லை இது. பாகப் பத்திரம் முடிக்காத பஞ்சம்.

அப்போ எங்கே வாங்குவது?

புது மனை, புது வீடு என்றால் மேட்டுப்பக்கம்தான் சரி. ஆஸ்பத்திரி, பஸ், வேலை, கெட்டி மண் எல்லாம் அங்கே இருக்கிறது. குடிநீர்க் குழாய் வந்திருக்கிறதா என்பதை மட்டும் முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டால் போதும்.

டெல்டாவில்தான் வாழ வேண்டும், காவிரிக்கரைதான் வேண்டும் என்றால், தாராளமாக. ஆனால் நத்தத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பிப்பது நல்லது. பத்திரம் சரிபார்க்க அலைச்சல் அதிகம்தான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது வெள்ளம் பார்த்து நிலைத்த இடம்.

இரண்டு போகம் விளையும் வயலில் போட்ட லேஅவுட்? சதுர அடி எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

• பட்டா, சிட்டாவை அரசின் இ-சேவை இணையதளத்தில் எடுத்து, நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா என்று பார்க்க வேண்டும். அ-பதிவேட்டில் பழைய வகைப்பாடும் தெரியும்.

• டெல்டாவில் கோயில், ஆதீன நிலங்கள் அதிகம். அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் மட்டும் 88 கோயில்கள். சர்வே எண் அப்படிப்பட்ட நிலத்தில் வருகிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்யாமல் காசு கை மாறக் கூடாது.

• டிடிசிபி அனுமதி எண், ரெரா பதிவு எண் இரண்டையும் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 'அப்ரூவல் வந்துடும் சார்' என்பது அனுமதி எண் இல்லை.

• கிராம வரைபடத்தில் மனை வழியாக வாய்க்கால், வடிகால், ஓடை எதுவும் போகிறதா என்று பார்க்க வேண்டும். வி.ஏ.ஓ.வையும் பக்கத்து வயல்காரரையும் கேட்டால் வரைபடத்தில் இல்லாததும் தெரியவரும்.

• கடைசியாக, மனையைப் பங்குனி, சித்திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எல்லா மனையும் அப்போது அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில், மூன்று நாள் அடைமழைக்கு மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். அதே மனையை மேட்டுப்பக்கம் வாங்குபவர் மட்டும் சித்திரையிலும் ஒருமுறை போய், பக்கத்து வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் இரண்டுதான். பாதுகாக்கப்பட்ட மண்டலச் சட்டத்தின் பட்டியலில், இருபோக நஞ்சையில் போடும் வணிக லேஅவுட்டையும் சேர்க்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டும் உள்ளூர்க்காரருக்குக் கேரளம் போல விலக்கு கொடுக்கலாம். அதோடு, நகரம் வளர வேண்டிய மேட்டுப்பக்கத்துக்குக் குடிநீர்க் குழாயையும் டவுன் பஸ்ஸையும் மனை விற்ற பிறகு இல்லாமல், விற்பதற்கு முன்பே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் இருந்தால் மக்கள் மேட்டுக்குத் தானாகப் போவார்கள்.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா என்பதை ஒவ்வொரு வருஷமும் செய்தியாகப் பார்க்கிறோம். கர்நாடகத்திடம் எத்தனை டிஎம்சி வாங்கினோம் என்று கணக்குப் பார்க்கிறோம். வாங்கிய தண்ணீர் போய்ச் சேரும் வயல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம். அந்தக் கணக்கு டெல்லியிலோ பெங்களூரிலோ எழுதப்படுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில், நாம் போடும் கையெழுத்தில் எழுதப்படுகிறது.